அண்ணன் கேட்ட ஒரே கேள்வி

2002 நவம்பர் 18, திங்கள்

காலிஃபிளவர் நல்ல விலைக்குப் போனது. காய்கறி வண்டியின் கிளட்ச் மறுபடியும் முனகுகிறது. எனக்கே ஐம்பத்து நாலு வயதில் முழங்கால் முனகுகிறது, அது மட்டும் சும்மா இருக்குமா?

விடிந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து என் கூடப்பிறந்த ஜம்மாரி அண்ணன் வழக்கம்போல மதில்மேல் கூண்டை நீட்டினார். அவர் பக்கத்து முற்றத்தில் வெயில் விழ வெகுநேரம் ஆகும். என் பக்கம் முதல் வெயிலே விழும். அதனால் அவருடைய கூப்பிடு குருவிகளில் ராஜாவான ஒன்று தினமும் என் சுவர்க் கொக்கியில்தான் குளிர்காயும். பாறை ஓரத்து வலைமேட்டில் அதைக் கூண்டோடு வைத்தால் போதும். கடல் தாண்டிப் போகிற குருவிக் கூட்டமெல்லாம் அதன் குரலைக் கேட்டு வலைக்கு இறங்கி வரும். நெஞ்சு சிவப்பு, குரல் நீளம், நிறுத்தவே நிறுத்தாது. நான்தான் அதற்குப் 'பெரிய சாமியார்' என்று பேர் வைத்தேன். இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தது நான்தானே, குருவியை மட்டும் விடுவேனா.

"டேய் நேனு, பெரிய சாமியாருக்கு நேத்து தண்ணி மாத்தலியா நீ?"

"சாமியாரில்லையா, பூசையில நன்மை வாங்கறதுக்கு முன்னாடி தண்ணி குடிக்கக் கூடாதுண்ணே. ஒருசந்தி விரதம்."

அண்ணன் சிரிக்கவில்லை. மூக்கால் ஒரு காற்று விட்டார். அவர் சிரிப்பு அவ்வளவுதான். அந்தக் காற்றை வாங்காமல் நான் வண்டி எடுப்பதில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

நேற்று ஊரில் நடந்த கூத்தை எழுதாமல் தூக்கம் வராது.

நம்ம மால்ட்டா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரலாமா வேண்டாமா என்று ஓட்டுப் போடப் போகிறோம் அல்லவா, அதற்கு முன்னால் ஜனங்களுக்கு விவரம் சொல்ல அரசாங்கம் பணம் ஒதுக்கி ஒரு அலுவலகம் வைத்திருக்கிறது. அங்கேயிருந்து டொரீன் என்று ஒரு பெண் வந்தாள். படித்த பெண், நல்ல பெண், பட்டணத்துப் பெண். அந்தக் கடைசிக் குணம்தான் காலை வாரியது. கூட்டத்துக்கு அவள் வாடகைக்குப் பிடித்தது சூசையப்பரின் நீல வாத்திய மன்றத்து மண்டபம். செபஸ்தியார் வாத்தியக்காரர்கள் சிவப்பு.

செபஸ்தியார் பக்கத்து ஆள் ஒருத்தன் சூசையப்பர் மன்றத்தில் கால் வைப்பானா? திருவிழாவில் யார் வாத்தியம் முதலில் தெருவைத் திரும்புவது என்று அப்பா காலத்தில் மண்டை உடைந்த ஊர் இது. சிவப்புக்காரன் நீல மண்டபத்து வாசலில் மழைக்குக்கூட ஒதுங்கமாட்டான். போதாக்குறைக்கு மேடையில் கட்டிய ஐரோப்பாக் கொடியும் நீலம்! பாதி ஊர் அதைப் பார்த்துவிட்டு, "இது அவங்க திருவிழா சங்கதி" என்று வீட்டுக்குப் போய்விட்டது.

டொரீன் மண்டபத்தில் பாதி காலி நாற்காலிக்குப் பேசினாள். நாங்கள் சிவப்பு. நானும் அண்ணனும் வெளியே தெருவில் நின்று ஜன்னல் வழியாகக் கேட்டோம். ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 27

இன்று அந்தப் பெண்ணே வண்டியண்டை வந்தாள். ஒரு முட்டைக்கோஸ் கூட வாங்கவில்லை, அழுகிற முகம்.

"நேனு மாமா, இந்த ஊர்ல எல்லாரும் போற ஒரு இடம் எதாவது இருக்கா?"

"ரெண்டு இருக்கு மிஸ். ஒண்ணு கல்லறை. இன்னொண்ணு என் காய்கறி வண்டி."

சிரித்தாள். சிரித்துவிட்டு யோசித்தாள். அங்கேதான் வந்தது வினை.

நவம்பர் 29

எனக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டது. நாலாம் வகுப்போடு படிப்பை விட்டு மூட்டை தூக்கப் போனவன், இப்போது ஐரோப்பாவைப் பற்றி ஜனங்களுக்கு விவரம் சொல்கிறேன். காய்கறியோடு வீட்டுக்கு வீடு டொரீனின் அலுவலகம் அடித்த புத்தகத்தையும் கொடுக்க வேண்டும். சந்தேகம் கேட்டால் நான் அலுவலகத்தில் கேட்டுப் பதில் கொண்டுவர வேண்டும். அதற்குக் கூலி.

டொரீன் ஒரே ஒரு விதிதான் போட்டாள். "மாமா, இது எல்லாரோட வரிப்பணம். சேரணும்கறவன் காசும் இருக்கு, வேண்டாம்கறவன் காசும் இருக்கு. அதனால கேட்டதுக்கு விவரம் சொல்லலாம். சேருங்கன்னோ சேராதீங்கன்னோ சொல்லக் கூடாது."

"அப்ப தக்காளி நல்லா இருக்கான்னு கேட்டா?"

"அது உங்க சொந்த விவகாரம்."

வண்டியில் கட்ட நீலத் துணி தந்தார்கள், நட்சத்திரம் போட்டது. என் மனைவி ஜோர்ஜா பார்த்தவுடனே சொன்னாள்: "இதக் கட்டிட்டு செபஸ்தியார் தெருவுக்குள்ள போய்ப் பாரு, உருளைக்கிழங்கு விக்கிறவனுக்கு உருளைக்கிழங்காலயே அடி." ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து சுற்றிலும் சிவப்பு ஓரம் தைத்துக் கொடுத்தாள். என் பெண்டாட்டி மந்திரியாக இருக்க வேண்டியவள்.

டிசம்பர் 9

மூக்கடைப்பு. ஆனாலும் தெரு தெருவாகக் கத்தினேன். "கேரட்டு, முள்ளங்கி, ஐரோப்பா! கேரட்டு கிலோ இவ்வளவு, ஐரோப்பா இலவசம்!"

மீன்காரர் வீட்டு கெக்கீனா அக்கா கதவிடுக்கில் கேட்டார்: "இலவசமா? எவன் வீட்டுக் காசு அது?"

"உங்க காசுதான்க்கா."

"எங்க காசை எடுத்து எங்களுக்கே புஸ்தகம் அடிச்சுக் குடுக்கறானா? அதுக்கு அந்தக் காசையே குடுத்திருக்கலாமே, நான் கண்ணாடி வாங்கியிருப்பேன். கண்ணாடி இல்லாம புஸ்தகத்த எப்படிப் படிக்கிறது?"

நியாயம்தான். இந்தக் கேள்வியையும் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். டொரீன் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். அண்ணன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அண்ணி போனதிலிருந்து அப்படித்தான். முயல் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி கேட்டார்:

"அந்தப் புஸ்தகத்துல குருவி பத்தி எதாவது போட்டிருக்காடா?"

எனக்குத் தெரியவில்லை. ஆட்டுப்பால் பற்றி இருந்தது, ஓய்வூதியம் பற்றி இருந்தது.

"நீங்களே கேளுங்கண்ணே. ஜனவரியில செபஸ்தியார் திருவிழாவுக்கு முந்தின வாரம் ஞாயித்துக்கிழமை சதுக்கத்துல வண்டிய நிறுத்தி எல்லாரையும் கேக்கச் சொல்லப் போறோம். அந்தப் பொண்ணே வந்து பதில் சொல்லும்."

"நானா? நாலு பேர் முன்னாடியா?"

அவருக்கு நாலு பேரைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே. அண்ணி சாவுக்கு வந்தவர்களுக்குக்கூட அவர் சார்பில் நான்தான் வார்த்தை சொன்னேன். ஆனால் இது அவர் உயிர்ச் சங்கதி. அந்த வலைமேட்டில் அப்பா வைத்த கல், அப்பா கட்டிய குடில். வாலிபத்தில் மெல்போர்னுக்குப் போய்க் கார் ஆலையில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர், அப்பா விழுந்துவிட்டார் என்றதும் அந்த மேட்டுக்காகத்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"கேளுங்கண்ணே," என்றேன். "கேக்கலேன்னா வீட்டுக்குள்ளயே கீச்சுக்கீச்சுன்னு கத்திக்கிட்டு இருப்பீங்க."

காற்று விட்டார், மூக்கால்.

2003 ஜனவரி 5

தினமும் மதில் அந்தப் பக்கத்திலிருந்து முணுமுணுப்பு. கேள்வியை ஒத்திகை பார்க்கிறார். குருவிகளிடம்!

ஜனவரி 12, ஞாயிறு

இந்த ஊர் பார்த்ததில்லை இப்படி ஒரு கூட்டம். பூசை முடிந்து சிவப்பும் நீலமும் சதுக்கத்தில் ஒன்றாக நின்றது. நடுவில் கோடு போட்டது மாதிரி ஒரு இடைவெளி விட்டுத்தான், ஆனால் நின்றது. வண்டித் தட்டில் டொரீன், பக்கத்தில் நான், காலடியில் காலிஃபிளவர்.

முதலில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நான்தான் கிண்டிவிட்டேன். "என்னப்பா, பேரம் பேசறதுக்கு வாய் இவ்வளவு நீளுது, இப்ப எங்க போச்சு?" சிரிப்பு. அப்புறம் கேள்விகள் வந்தன. ஆட்டுக்காரர் ஒன்று கேட்டார், படகுக்காரர் ஒன்று. கெக்கீனா அக்கா மறுபடி கண்ணாடி.

அப்போது அண்ணன் கை தூக்கினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. சதுக்கமே திரும்பிப் பார்த்தது, அவர் குரலைப் பலர் கேட்டதே இல்லை.

"நான்... நான் வலை போடறவன். எங்க அப்பாவும் போட்டாரு. சேர்ந்துட்டா என் வலைய விடுவாங்களா?"

அழகாகக் கேட்டார். ஒரு இடத்தில்தான் திக்கினார்.

டொரீன் தாளைப் புரட்டவில்லை, அவளுக்குத் தெரிந்திருந்தது. நேராகச் சொன்னாள். சேர்ந்தால் 2008 முடிகிறவரைக்கும் விடுவார்கள். அதற்கப்புறம் காட்டுக் குருவியைப் பிடிக்க முடியாது. கூண்டிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கலாம். அது மட்டும்தான்.

ஒரே அமைதி. அண்ணன் கையை இன்னும் இறக்கவில்லை. அவர் முகம் என்னவோ போல் ஆனது. எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. சாவு வீட்டில்கூட எனக்குத் தாங்காது.

"கவலப்படாதீங்கண்ணே," என்றேன். "அன்னிக்குப் பெரிய சாமியாரத் திறந்து விட்டுட்டு நீங்க கூண்டுல ஏறி உக்காருங்க. தினம் நான் தண்ணி மாத்தறேன்."

சதுக்கம் வெடித்தது. சிவப்பும் நீலமும் ஒன்றாகச் சிரித்ததை என் ஆயுளில் இன்றுதான் பார்த்தேன். டொரீனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் கையை இறக்கினார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

நல்ல கூட்டம்தான். எல்லாரும் தோளில் தட்டினார்கள். ஆனால் அண்ணன் மூக்கால் காற்று விட்டாரா? நான் பார்க்கவில்லை. கூட்டம் மறைத்துவிட்டது.

ஜனவரி 13

கொக்கி காலி. வெயில் சுவரில் விழுந்து சும்மா கிடந்தது.

ஜனவரி 15

மதில்மேல் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டேன். "அண்ணே, சாமியாருக்குச் சளி பிடிக்கப் போகுது, இந்தப் பக்கம் நீட்டுங்க." குருவிகள்தான் கத்தின.

கோபம் நாலு நாளில் போய்விடும். என்மேல் யாருக்கும் அதற்குமேல் கோபம் நின்றதில்லை.

ஜனவரி 24

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

ரொட்டிக் கடையில் நின்றேன். தனியாக ஒதுக்கி வைத்திருந்த ரொட்டியைப் பார்த்து ஒருத்தர் கேட்டார், "இது யாருக்கு எடுத்து வச்சது?" கடைக்காரர் சொன்னார்: "கூண்டு ஜம்மாரிக்கு."

கூண்டு ஜம்மாரி.

இதுவரைக்கும் எங்கள் வீட்டுப் பேர் 'கீரைக்காரர்'. தாத்தா பேர், அப்பா பேர், எங்கள் பேர். இந்த ஊரில் பட்டப்பெயர் ஒட்டிவிட்டால் கழற்ற முடியாது. செத்தாலும் மரண அறிவிப்பில் அதைப் போட்டால்தான் யார் செத்தது என்று தெரியும். எனக்குத் தெரியாதா? எத்தனை பேருக்கு ஒட்டியிருக்கிறேன்! நொண்டினவனுக்கு, தும்மினவனுக்கு, பெண்டாட்டியிடம் அடி வாங்கினவனுக்கு. எல்லாரும் சிரித்தார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள்?

"அப்படிச் சொல்லாதீங்க," என்றேன் கடைக்காரரிடம்.

"ஏன்டா, நீ வச்ச பேருதானே?" என்று சிரித்தார். மற்றவர்களும்.

பிப்ரவரி 2

அண்ணன் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நன்மை வாங்காமல் எழுந்து போனார். வெளியே சின்னப் பசங்கள் இரண்டு பேர் அவர் பின்னால் குருவி மாதிரி சீட்டியடித்தார்கள். அவர் திரும்பவில்லை. நான் விரட்டினேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து என்னைப் பார்த்தும் சீட்டியடித்தார்கள்.

பிப்ரவரி 11

ஒரு யோசனை பண்ணினேன். முட்டாள் யோசனை.

அந்தப் பேரை அவர்மேலிருந்து எடுத்து என்மேல் போட்டுக்கொள்வது என்று. சதுக்கத்தில் வண்டியை நிறுத்தி, பெரிய தக்காளிப் பெட்டியைத் தலைகீழாகத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு, பலகை இடுக்கு வழியாகக் கத்தினேன்: "இனிமே கூண்டு நான்தான்! கூண்டு நேனு! தண்ணி மாத்துங்க யாராச்சும்!"

விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "அடேய், நீ என்ன பண்ணாலும் நேனுதான்டா."

அது ஒட்டவில்லை. என்மேல் எதுவும் ஒட்டாது. நான் வெட்கப்படுகிறவன் இல்லையே. வெட்கப்படுகிறவன்மேல்தான் ஒட்டும்.

பிப்ரவரி 20

ஆர்ட்டிச்சோக், அந்த முள் இதழ் மொட்டுக் காய், வந்துவிட்டது. அண்ணனுக்குப் பூண்டும் ரொட்டித்தூளும் அடைத்து வேகவைத்தால் உயிர். நல்லதாக எடுத்து வாசலில் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் அப்படியே இருந்தது. ஜோர்ஜா போய் எடுத்து வந்தாள். "கொஞ்ச நாள் விடு," என்றாள். அவள் முகத்தைப் பார்த்து ஒரு கிண்டல் வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

பிப்ரவரி 27

டொரீனிடம் சொன்னேன், இனிமேல் நான் வரவில்லை என்று. ஏன் மாமா, பக்கத்து ஊர்லயும் உங்களத்தான் கேக்கறாங்க, என்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் சொன்ன பதில் தப்பா மாமா?"

"இல்ல மிஸ். பதில் சரி. உங்க விதியும் சரி. விவரத்த மட்டும் சொல்லுன்னீங்க. நான் அதோட நிறுத்தல."

மார்ச் 8, சனி

ஓட்டு. பள்ளிக்கூடத்து வாசலில் வரிசை. அண்ணன் எனக்கு முன்னால், நாலைந்து ஆள் தள்ளி. பின்னந்தலை நரைத்துவிட்டது, எப்போது நரைத்தது? முன்னாலிருந்து ஒரு குரல்: "கூண்டு வந்தாச்சு, கதவத் திறங்கப்பா." அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. தன் முறை வந்ததும் உள்ளே போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

நான் எதில் போட்டேன் என்று இங்கேகூட எழுதமாட்டேன். டொரீன் விதி.

மார்ச் 9, ஞாயிறு

சேருவது என்று ஜெயித்துவிட்டது. ஊரெல்லாம் ஊதல், கொடி. காரில் ஜன்னல் வழியே உடம்பை வெளியே தள்ளிக்கொண்டு பசங்கள் ஊர்வலம் போனார்கள். இன்னொரு பாதி ஊர் கதவைச் சாத்திக்கொண்டது.

எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். முதல் காரில் ஒரு கம்பு, கம்பின் நுனியில் காலிக் கூண்டு.

அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தி ஊதினார்கள். ஊதினார்கள், ஊதினார்கள். நான் ஓடினேன், காலில் செருப்பு இல்லை. கூண்டைப் பிடுங்கப் போனேன். "நேனு மாமா, ஒரு ஜோக்கு, ஒரு ஜோக்கு!" என்றான் ஒருத்தன்.

என்னிடம் ஒன்றும் இல்லை. தெருநடுவில் நின்று அழுதேன். அப்போதும் அவர்கள் சிரித்தார்கள், நான் நடிக்கிறேன் என்று. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்தது. கார் போய்விட்டது.

அண்ணன் வீட்டு ஜன்னல் பலகை அசையவே இல்லை.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

ஊரே விடுமுறை. இன்றைக்கு விட்டால் என்றைக்கும் இல்லை என்று பாறைக்கு நடந்தேன். வலைமேட்டில் அண்ணன் குடில் வாசலில் உட்கார்ந்திருந்தார். வலை விரிக்கவில்லை. கூண்டுகள் வரிசையாக இருந்தன, பெரிய சாமியார் நடுவில். கீழே கடல் இரைச்சல்.

"அண்ணே," என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. அப்புறம் வந்தது, எல்லாம் தப்பான வார்த்தை. தமாஷுக்குச் சொன்னேன். ஊரு சும்மா இருந்துச்சு, அதான் சொன்னேன். மன்னிச்சிருங்க.

அவர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு சொன்ன பதிலுக்கு எனக்கு வருத்தமில்லடா," என்றார். "அது அப்படித்தான்னா அப்படித்தான். நெஜத்தச் சொல்லிச்சு. யாரும் என்கிட்ட அவ்வளவு மரியாதையாப் பேசினதில்ல."

காற்று அடித்தது. குருவி கத்தியது.

"என் ஆயுசுக்கும் ஒரே ஒரு தடவ நாலு பேர் முன்னாடி வாயத் தொறந்தேன். ஒரு தடவ. அந்தப் பதில வாங்கிக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னிருப்பேன். நிக்க விட்டிருக்கலாம் நீ."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் திருப்பிச் சொல்லத் தெரியும்.

நான் திரும்பி வந்தேன். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். நிக்க விட்டிருக்கலாம் நீ. நிக்க விட்டிருக்கலாம் நீ. இதைப் போய் எங்கே வைப்பேன்?

ஏப்ரல் 20, ஈஸ்டர்

உயிர்த்த ஆண்டவர் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு பசங்கள் தெருவில் ஓடினார்கள். அந்த ஓட்டத்தில் ஒரு காலத்தில் முன்கட்டை அண்ணன் தோள், பின்கட்டை என் தோள். இன்று அண்ணன் வரவேயில்லை.

மே 14

மெல்போர்னிலிருந்து தங்கச்சி தொனீனா போன் செய்தாள். ஜோர்ஜாவிடம்தான் பேசினாள். எனக்குச் சமையலறையிலிருந்து பாதிதான் கேட்டது. ஜோர்ஜா வந்து நின்றாள், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை ஏற்கனவே காய்ந்திருந்தது.

"உங்க அண்ணன் அங்க போறாராம். அவருக்கு அந்த ஊர்ப் பாஸ்போர்ட்டு இருக்குல்ல. தொனீனா பின்கட்டுல அறை காலி பண்றாளாம்."

"எப்ப வராராம் திரும்பி?"

ஜோர்ஜா மறுபடியும் கையைத் துடைத்தாள்.

மே 15

ஐரோப்பாவுக்குப் பயந்து போகவில்லை அவர். எனக்குத் தெரியும். ஊரில் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். "வலைய எடுத்துடுவாங்கன்னு ரோஷத்துல போறான்பா." நான் மறுப்பதில்லை. அந்தக் காரணமாவது அவருக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும்.

ஜூன் 8

மற்ற குருவிகளை அண்ணன் ஒவ்வொன்றாக ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். மதில் அந்தப் பக்கம் ஒவ்வொரு நாளும் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது.

ஜூலை 3, வியாழன்

விமான நிலையத்துக்கு நான் வரவேண்டாம் என்று ஜோர்ஜாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் தம்பிதான் காரில் கொண்டுபோய் விட்டான்.

விடிந்து முற்றத்துக்குப் போனேன். கொக்கியில் கூண்டு. பெரிய சாமியார் வெயிலில் இறகை உதறிக்கொண்டிருந்தார். எப்போது மாட்டினார் என்று தெரியாது. தண்ணீர் புதுசாக மாற்றியிருந்தது.

அவ்வளவுதான். வேறெதுவும் இல்லை. ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 4

தண்ணீர் மாற்றினேன்.

ஆகஸ்ட் 17

பாடவே மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 30

தொனீனாவோடு பேசினேன். அண்ணன் நன்றாக இருக்கிறாராம். பின்முற்றத்தில் தக்காளி போட்டிருக்கிறாராம். அங்கே யாருக்கும் எங்கள் வீட்டுப் பட்டப்பெயர் தெரியாது. "இங்க எல்லாரும் அவர ஜான்னு கூப்பிடறாங்க," என்றாள். "போனக் குடு," என்றேன். "தோட்டத்துல இருக்காரு," என்றாள். அங்கே அப்போது இருட்டி வெகுநேரம் ஆகியிருக்கும்.

அக்டோபர் 12, ஞாயிறு

பெரிய சாமியாரைத் தூக்கிக்கொண்டு வலைமேட்டுக்குப் போனேன். குடில் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கயிறு போட்டுக் கட்டினேன். கூண்டைக் கல்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

வடக்கிலிருந்து கூட்டம் வந்தது. ஒரு கைப்பிடி மிளகை விசிறின மாதிரி. இந்தப் பாவி மவன், ஜூலையிலிருந்து வாயைத் திறக்காதவன், கழுத்தை நீட்டிக் கூப்பிட்டான் பாருங்கள்! எல்லாம் இறங்கின. வலை இல்லாத மண்ணில் விதை பொறுக்கின. தண்ணீர் குடித்தன. நான் மூச்சு விடாமல் இருந்தேன். அப்புறம் எழும்பி ஆப்பிரிக்கா பக்கம் போய்விட்டன. இவன் மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

நல்ல கிண்டல் ஒன்று தோன்றியது. சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் யாரும் இல்லை.

நவம்பர் 4

டொரீன் வந்தாள். அடுத்த மே மாதம் சேருகிறோமல்லவா, என்னென்ன மாறும் என்று ஜனங்களுக்குச் சொல்ல மறுபடி பணம் ஒதுக்கியிருக்கிறார்களாம். மறுபடி வண்டி வேண்டுமாம். முடியாது என்றேன்.

"வேற யாரையாவது போட்டா அவங்க எப்படிச் சொல்வாங்களோ தெரியாது மாமா," என்றாள். அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு காலிஃபிளவர் வாங்கிக்கொண்டு.

நவம்பர் 16, ஞாயிறு

தெற்கே ஒரு ஊருக்குப் போனோம். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. நீலத் துணி, சிவப்பு ஓரம், வண்டித் தட்டில் முட்டைக்கோஸ். என் கதை அங்கேயும் போயிருக்கும்போல, "இவன்தான்யா தமாஷ் பண்றவன்" என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னார். எல்லாரும் வாயைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பெரியவர். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். கை தூக்கினார், பாதி வரைக்கும். "வலை..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

டொரீன் என்னைப் பார்த்தாள். நான் வண்டியிலிருந்து இறங்கினேன். கூட்டம் வழிவிட்டது, நல்ல கூத்து வருகிறது என்று. நான் அவர் தோளைத் தொட்டு வண்டிக்குப் பின்பக்கம் கூட்டிப்போனேன். அங்கே யாரும் இல்லை. இருந்த விவரத்தை இருந்த மாதிரி சொன்னேன். 2008 முடிய. அப்புறம் கிடையாது. கூண்டிலேயே வளர்க்கலாம்.

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் நின்றார். நானும் நின்றேன். முன்பக்கம் டொரீன் யாருக்கோ ஆட்டுப்பால் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், தூரத்துக் கடலைப் பார்த்தார். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று நான் அசையவில்லை.

கடைசியில் கேட்டார், "உங்க வீட்ல யாராச்சும் வலை போடறவங்க உண்டா?"

"எங்க அண்ணன்."

"அவரு என்ன சொன்னாரு இதுக்கு?"

"ஒண்ணும் சொல்லல. ஆஸ்திரேலியா போயிட்டாரு."

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. வாய் அசையவில்லை. மூக்கால் மட்டும் ஒரு காற்று விட்டார்.

அப்புறம் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். கூட்டம் கலைந்து, டொரீன் துணியை மடித்து வைத்து, ஏறி உட்கார்ந்தும் விட்டாள். என்ன மாமா, கிளட்சா, என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். வண்டியை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.